இரும்புச் சுவர் ஷெல்ஃபுக்கு வழவழப்பாகப் பெயிண்ட் அடிப்பது எப்படி: கடையில் தொடங்கி மாட்டும்வரை

சுவரில் மாட்டியிருக்கும் இரும்பு ஷெல்ஃப் துருப்பிடித்துப் பெயிண்ட் உரிந்து நிற்கிறது, அதற்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும், கை வைத்தால் வழுக்குகிற மாதிரி வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடி. கடல் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டு ஷெல்ஃபுக்கு ஆள் வைத்து அடித்த பெயிண்ட் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கொப்புளம் போட்டுவிட்டது. அப்புறம் நானே உட்கார்ந்து, வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு முடித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றிய விஷயங்களைத்தான் கீழே தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழவழப்பு என்பது பிரைமரை, அதாவது பெயிண்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சை, தேய்க்கும்போதே முடிந்துபோகிற வேலை. கடைசியாக அடிக்கும் இனாமல் நிறமும் பளபளப்பும் தரும், அவ்வளவுதான். “கெட்டியாக ரெண்டு கோட் விட்டால் எல்லாம் மூடிவிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பளபளப்பான பெயிண்ட் அடியில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் எடுத்துக் காட்டும்.

1. ஷெல்ஃப் எந்த வகை என்று பாருங்கள்

வெளியே பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு வெள்ளைத் துணியைக் கொஞ்சம் என்.சி. தின்னரில் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டில் கலக்கும் திரவம்) நனைத்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். நிறம் அப்படியே துணியில் கரைந்து வந்தால் அது என்.சி. பெயிண்ட் அல்லது ஸ்ப்ரே டின் பெயிண்ட். கரையாமல் மெத்தென்று ஆகிச் சுருங்கினால் சாதாரண இனாமல். எதுவுமே ஆகவில்லை என்றால் பெரும்பாலும் பவுடர் கோட்டிங், அதாவது பட்டறையில் பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைத்த பூச்சு.

பவுடர் கோட்டிங் நன்றாகப் பிடித்திருந்தால் அதைச் சுரண்டி எடுக்காதீர்கள். அதைவிட நல்ல அடித்தளம் வீட்டில் போட முடியாது. 320 நம்பர் உப்புத்தாளால் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்) பளபளப்பு போகும்வரை மட்டும் தேய்த்து, துரு வந்த இடத்தை மட்டும் இரும்பு தெரிய எடுத்தால் போதும்.

உரிந்த இடத்தில் தகடு கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தால் சாதாரண இரும்பு. வெளிர் சாம்பலாக, உறைந்த பூக்கள் மாதிரி படிந்திருந்தால் ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசியது. ஜி.ஐ. தகட்டில் இனாமலை நேராக அடித்தால் கொஞ்ச காலத்தில் தோல் உரிவது போல வந்துவிடும். இனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பசை துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடுவதுதான் காரணம். அதற்கு எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்கி முதலில் அடிக்க வேண்டும். இனி நான் சொல்வதெல்லாம் சாதாரண இரும்புத் தகடு, பழைய இனாமல் பூசியது என்று வைத்துக்கொண்டு.

2. நாளைக் குறியுங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், இந்த வேலையைத் தொடவே வேண்டாம். காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இரும்பின் மேல் உட்கார்ந்துவிடும். அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் பிடிக்காது. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை நல்ல காலம். கத்திரி வெயிலில் அடித்தால் பெயிண்ட் பரவுவதற்கு முன்பே இறுகி, பிரஷ் கோடு அப்படியே நின்றுவிடும். எந்த மாதமானாலும் காலை எட்டு மணிக்குமேல் பதினொன்றுக்குள் அடிப்பது நல்லது. பனி விழுந்த காலை என்றால் இரும்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

மாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அடிக்காதீர்கள். பூச்சிகள் வந்து ஒட்டும். முந்தின நாள் தூறல் விழுந்திருந்தால் ஈசல் வேறு வரும்.

வேலை நடக்கும் நாட்கள் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு, மூன்று மணி நேர வேலைதான், முதல் நாள் மட்டும் முழு நாள். அதற்குப் பிறகு காய ஒரு வாரம். முதல் நாள் வேலையை மட்டும் பாதியில் நிறுத்த முடியாது. இரும்பு வெளியே தெரிந்துவிட்டால் அன்றைக்கே பிரைமர் ஏறியாக வேண்டும். உப்புக் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் ஆரஞ்சு நிறப் பொடி பூத்து நிற்கும். மற்ற நாட்களை உங்கள் லீவுக்கு ஏற்ப ஒரு வாரம் தள்ளிப் போட்டாலும் நஷ்டமில்லை.

3. கடைக்குப் போவதற்கு முன்

மூன்றடி நீளம், முக்காலடி அகலம், மூன்று தட்டு உள்ள ஷெல்ஃபுக்கு மேல், கீழ், பக்கவாட்டு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 சதுர அடி வரும். ஒரு லிட்டர் இனாமல் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடிக்குக் குறையாமல் வரும். ஆக அரை லிட்டர் டின் இரண்டு கோட்டுக்குத் தாராளம். ஒரு லிட்டர் வாங்கச் சொல்வார்கள், வேண்டாம்.

வாங்க வேண்டியவை: ரெட் ஆக்சைடு பிரைமர் அரை லிட்டர், இனாமல் அரை லிட்டர், இனாமலில் கலக்கவும் துடைக்கவும் மினரல் டர்பன்டைன் ஒரு லிட்டர், இரும்புக்கான பட்டி சின்ன டப்பா, வயர் பிரஷ், உப்புத்தாள் 80, 120, 220 நம்பரில் இரண்டிரண்டு, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் 320, 400, 600 நம்பரில் இரண்டிரண்டு, பட்டித் தகடு, ஒன்றரை இஞ்ச் பிரஷ் இரண்டு, நாலு இஞ்ச் ஃபோம் ரோலர், ரப்பர் கையுறை, என்95 மாஸ்க். எல்லாம் சேர்த்து ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்ட் மாறும். இதில் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே பொருள் பிரஷ். மலிவு பிரஷ் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முடியை விட்டுவிட்டுப் போகும்.

இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். வெறும் “தின்னர்” என்று கேட்டால் பல கடைகளில் என்.சி. தின்னரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதை இனாமலில் கலந்தால் பெயிண்ட் திரிந்து, காய்வது தாறுமாறாகி, அடியில் இருக்கும் பழைய கோட்டையும் சுருட்டிவிடும். எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் கொடுத்தார்கள். டின்னைப் படித்துப் பார்த்ததால் தப்பித்தது. இரண்டாவது, “பட்டி” என்று கேட்டால் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டி வரும். அது சிமெண்ட் சார்ந்தது, இரும்பில் நிற்காது. “இரும்புக்கு அடிக்கிற பட்டி” என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள். நைஃபிங் பேஸ்ட் ஃபில்லர் என்று டப்பாவில் எழுதியிருக்கும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு யோசனை. கறுப்பு, அடர் நீலம் மாதிரி அடர்நிறங்களை முழுப் பளபளப்பில் எடுத்தால் சின்னத் தூசிகூடத் தெரியும். முதல் தடவை செய்கிறவர்கள் வெளிர் நிறமாக, பளபளப்பு குறைந்த சாட்டின் ஃபினிஷ் இனாமலாக எடுப்பது நல்லது. தடவிப் பார்த்தால் அதே வழவழப்பு, ஆனால் கண்ணுக்குக் குறைகளை மன்னிக்கும்.

4. டின்னில் படிக்க வேண்டியவை, பத்திரப்படுத்த வேண்டியவை

கடையிலேயே நின்று டின்னைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்த மாதம், எந்த திரவத்தில் எவ்வளவு கலக்க வேண்டும், எத்தனை மணி நேரம் கழித்து அடுத்த கோட், இந்த மூன்றும் அதில் இருக்கும். நான் இங்கே சொல்லும் கணக்கும் டின்னில் இருப்பதும் முரண்பட்டால் டின்னையே நம்புங்கள். சின்ன எழுத்தாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

ஈய அளவு பற்றிய வரியையும் தேடுங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பேர் தெரியாத மலிவு டின்னில் அந்த வரி இல்லை என்றால் வாங்காதீர்கள், குறிப்பாகச் சமையலறை ஷெல்ஃபுக்கும் குழந்தைகள் அறைக்கும்.

பில்லை வாங்குங்கள். அதோடு ஷேட் கார்டில் உள்ள நிற எண்ணையும் பேட்ச் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒரு கீறலை அடைக்க அதே நிறம் வேண்டுமென்றால் “அந்த கிரீம் கலர்” என்று சொல்லி வாங்க முடியாது. வாடகை வீட்டில் ஷெல்ஃப் வீட்டுக்காரருடையது என்றால், நிறம் மாற்றுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிப்பது பற்றிய பேச்சே வராது.

5. கழற்றுங்கள், கழுவுங்கள்

சுவரில் மாட்டியபடியே அடிப்பது வீண்வேலை. சுவரோடு ஒட்டிய பின்பக்கத்தில்தான் ஈரம் தங்கித் துரு கிளம்பும், அங்கே பிரஷ் போகாது. ஸ்க்ரூ துருவில் இறுகியிருந்தால் கொஞ்சம் டீசல் அல்லது துரு இளக்கும் ஸ்ப்ரே விட்டு ஒரு மணி நேரம் பொறுத்துத் திருகுங்கள். தலை மழுங்கிய ஸ்க்ரூக்களைத் திரும்பப் போடாதீர்கள், புது ஸ்க்ரூ சில ரூபாய்தான்.

சமையலறை ஷெல்ஃப் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமலேயே இருக்கும். பாத்திரம் விளக்கும் லிக்விடும் வெந்நீரும் விட்டு ஸ்க்ரப்பரால் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்கும் முன் கழுவ வேண்டும், தேய்த்த பிறகு என்றால் பிசுக்கு உப்புத்தாளோடு கீறலுக்குள் போய் உட்காரும். பிறகு அந்த இடத்தில் பெயிண்ட் விலகி விலகிக் குழி விழும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம்: கடைசியாக அலசும் தண்ணீர் உப்பில்லாததாக இருக்க வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதில் அலசினால் உப்பு இரும்பிலேயே தங்கி, பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். எங்கள் ஷெல்ஃபில் முதலில் நடந்தது இதுதான் என்று பட்டறைக்காரர் கொப்புளத்தைக் குத்திக் காட்டினார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இருந்தது. கேன் தண்ணீர் அரைக் குடம் போதும்.

6. பழைய பெயிண்ட், துரு

நகத்தால் சுரண்டினால் வராத பழைய பெயிண்டை விட்டுவிடலாம். உரிகிற இடங்களைப் பட்டித் தகடால் தள்ளி எடுங்கள். பாதிக்கு மேல் உரிந்திருந்தால் முழுவதும் எடுப்பதே மேல். அதற்குப் பெயிண்ட் ரிமூவர் இருக்கிறது. தோலில் பட்டால் தீயாக எரியும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். ரிமூவரில் மெழுகு உண்டு. உரித்த பிறகு தின்னர் துணியால் இரண்டு தடவை துடைத்து அந்த மெழுகை எடுக்காவிட்டால் புதுப் பெயிண்ட் பிடிக்காது. இந்த ஒரு இடத்தில் என்.சி. தின்னர் நல்லது.

2017க்கு முந்தைய ஷெல்ஃப் என்றால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி காற்றில் பறந்து வீடெங்கும் படியும். பெயிண்டை நனைத்துத் தேய்த்து, உடனே துடைத்துக் காயவையுங்கள். கீழே பழைய பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சுரண்டியதை அதிலேயே சுருட்டிக் கட்டிப் போடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள். அந்தத் துணியோடு மாஸ்க்கோடு வீட்டுக்குள் வராதீர்கள்.

துருவுக்கு வயர் பிரஷ், பிறகு 80 நம்பர், பிறகு 120. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை விடக்கூடாது. பழைய பெயிண்டும் இரும்பும் சந்திக்கும் விளிம்பு ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும். அதை 220ஆல் சரிவாக இழைத்து, கண்ணை மூடி விரலை ஓட்டினால் எல்லை தெரியாத மாதிரி ஆக்குங்கள். விரலுக்குத் தெரிகிற படி பெயிண்ட் அடித்த பிறகு கண்ணுக்கும் தெரியும்.

குழிகளுக்குள் கறுப்பாக ஒட்டியிருக்கும் துருவை எடுக்கச் சிலர் டாய்லெட் ஆசிடை ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள். துரு உடனே கரையும், உண்மைதான். ஆனால் அதில் உள்ள குளோரைடு இரும்பிலேயே தங்கி மறுபடி வேகமாகத் துருவை வரவழைக்கும். அதற்குப் பதிலாக, பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற துரு மாற்றும் திரவம் பெயிண்ட் கடைகளிலேயே கிடைக்கும். குழிகளில் மட்டும் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

7. ஆழமான பள்ளங்கள்

துரு தின்ற குழி ஆழமாக இருந்தால் கார் பட்டறைகளில் போடும், ஹார்டனர் (இறுகவைக்கும் பசை) கலக்கிற பாடி ஃபில்லர்தான் சரி. அது பளிச்சென்று இருக்கும் வெறும் இரும்பின் மேல்தான் போட வேண்டும். ரெட் ஆக்சைடு அடித்த பிறகு போட்டால் பிரைமரை இளக்கித் தூக்கிவிடும். ஹார்டனர் சிறிதளவே, டப்பாவில் சொன்ன விகிதத்தில். ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல் கலக்காதீர்கள், சில நிமிடங்களில் கல்லாகிவிடும். அரை மணி நேரத்தில் 120, பிறகு 220 போட்டு மட்டமாகத் தேய்க்கலாம்.

சின்னக் கீறல்களை இப்போது கவனிக்க வேண்டாம். அவற்றுக்குப் பிரைமருக்குப் பிறகு நைஃபிங் பேஸ்ட்.

8. பிரைமர்

டர்பன்டைன் நனைத்த, நூல் விடாத துணியால் முழுவதும் துடையுங்கள். துணி அழுக்கில்லாமல் வரும்வரை. அதன் பிறகு வெறும் கையால் இரும்பைத் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்பு இருக்கிறது.

பிரைமர் டின்னைத் திறந்ததும் மேலே எண்ணெயும் அடியில் களிமாதிரிப் படிந்ததும் இருக்கும். அடியில் இருப்பதுதான் துருவைத் தடுக்கும் சரக்கு. தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டி ஐந்து நிமிடமாவது கலக்குங்கள். மேலோட்டமாகக் கலக்கி அடித்தால் சிவப்பு எண்ணெய் பூசிய கதைதான்.

ஓரங்கள், மூலைகள், ஸ்க்ரூ துளைகளுக்கு முதலில் பிரஷால் ஒரு சுற்று. கூரான விளிம்பில் எந்தப் பெயிண்டும் நிற்காமல் விலகிப் போகும், துரு எப்போதும் விளிம்பில்தான் ஆரம்பிக்கும், அதனால் அங்கே ஒரு கை கூடுதலாக வேண்டும். பிறகு தட்டையான இடங்கள். மெல்லியதாக அடியுங்கள். அன்று ராத்திரி முழுக்கக் காயட்டும்.

மறுநாள் 220ஆல் லேசாக ஒரு தடவு. இப்போது கீறல்களும் சின்னக் குழிகளும் தெளிவாகத் தெரியும். நைஃபிங் பேஸ்டைப் பட்டித் தகடால் இழுத்து, குழியில் மட்டும் தங்கும்படி மெல்லிசாகப் பூசுங்கள். தடித்துப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும், பின்னால் அமுங்கும். இன்னொரு ராத்திரி விட்டு, தேய்த்து, இரண்டாவது பிரைமர் கோட்.

9. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

இரண்டாவது பிரைமர் முழுக்கக் காய்ந்த பிறகு அதன் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குங்கள். தட்டு முழுவதும், ஓரம் வரை. அப்புறம் 320 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய ரப்பர் செருப்பிலிருந்து கையளவு வெட்டிய துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுந்தும் இடத்தில் பள்ளம் விழும். செருப்புத் துண்டு மட்டமாக அழுத்தும்.

ஒரு சொட்டு பாத்திர லிக்விட் விட்ட தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, அழுத்தாமல், நீளவாக்கில் தேயுங்கள். மேடான இடத்தில் பென்சில் கோடு முதலில் மறையும். பள்ளத்தில் அப்படியே நிற்கும். அந்தக் கோடும் மறையும்வரை தேய்த்தால் தட்டு மட்டமாகிவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு தேய்த்தும் மறையாத கோடு இருந்தால் அங்கே பள்ளம் ஆழம், மறுபடி பேஸ்ட் போடத்தான் வேண்டும். சோம்பல்பட்டு இதைத் தாண்டிப் போனால் பிறகு சரிசெய்ய வழியில்லை. ஆரம்பத்தில் பேப்பர் கரகரவென்று சத்தம் போடும். மட்டமாக ஆக ஆகச் சத்தம் அடங்கி, கையில் வழுக்கல் தெரியும். அப்போது 400க்கு மாறி ஒரு சுற்று.

தேய்க்கும்போது விளிம்பில் இரும்பு வெளியே தெரிந்தால் உடனே துடைத்துக் காயவைத்து, அந்த இடத்தில் மட்டும் பிரைமர் தொட்டு வையுங்கள். முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, சில மணி நேரம் வெயிலில் வையுங்கள். மடிப்புகளுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும், சாய்த்து வடியவிடுங்கள்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் தட்டின் ஓரத்தில் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத கோடும் மேடும் நிழல் விட்டு நிற்கும். பார்த்துச் சரிசெய்த பிறகுதான் இனாமல் டின்னைத் திறக்க வேண்டும்.

10. இனாமல்

இடம்: கூரை உள்ள, காற்று மெதுவாக வரும் இடம். போர்ட்டிகோ, மொட்டைமாடி ஷெட் பரவாயில்லை. மின்விசிறி வேண்டாம், தூசியைக் கொண்டுவந்து போடும். தரையில் அரை மணி நேரம் முன்பு லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும். சமையலறையிலோ பூஜை விளக்கு எரியும் இடத்திலோ அடிக்காதீர்கள். டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும். தூசிக்குப் போடும் என்95 மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது, காற்றோட்டம்தான் பாதுகாப்பு.

புதிதாகத் திறந்த டின்னானாலும் பெயிண்டை நைலான் துணியில் வடிகட்டி வேறு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன்டைன் பத்து சதவீதத்துக்குள், டின்னில் சொன்னபடி. புது பிரஷை உள்ளங்கையில் பலதடவை தட்டி உதிரும் முடியை எடுத்துவிட்டு, டர்பன்டைனில் ஒரு தடவை அலசி உதறுங்கள்.

ஷெல்ஃபை நான்கு பழைய டம்ளர்கள் மேல் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தை முதலில் முடியுங்கள். அது தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு திருப்பி, மூலைகள், விளிம்புகள், கடைசியாக மேல்தட்டு. தட்டில் ஃபோம் ரோலரால் கொஞ்சமாகத் தொட்டு ஒரே சீராகப் பரப்புங்கள். உடனே காலி பிரஷின் நுனியால், எடையே வைக்காமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு அதை ஒட்டி. ரோலர் விட்ட குமிழிகள் இதில் உடைந்து, மீதிக் கோடுகளைப் பெயிண்டே பரவி மூடிக்கொள்ளும். அதன் பிறகு திரும்பிப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு புள்ளி விட்டுப்போனது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், இறுக ஆரம்பித்த பெயிண்டில் பிரஷ் பட்டால் உழுத மாதிரி ஆகும். இரண்டாவது கோட் எதற்கு இருக்கிறது.

கெட்டியாக அடிக்கும் ஆசை இங்கேதான் வரும். இனாமல் காற்றோடு சேர்ந்து மேலிருந்து கீழாகக் காய்வது. தடித்துப் போனால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே உள்ளது இளக்கமாகவே இருப்பதால் சுருக்கம் விழும். முதல் கோட்டில் பிரைமரின் சிவப்பு லேசாகத் தெரிந்தால் சரியான கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நகத்தை அடிப்பக்கத்தில் ஊன்றிப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னொரு நாள் பொறுங்கள். விழாவிட்டால் 600 வாட்டர் பேப்பரால், பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும், லேசாகத் தேய்த்து, துடைத்து, காயவைத்து, அதே மாதிரி இரண்டாவது கோட். பெயிண்ட் வழிந்து துளி நின்றிருந்தால் அதையும் இந்தக் கட்டத்தில் இழைத்துவிடலாம்.

பெயிண்ட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இனாமல் காயும்போது சூடு கிளம்பும், குவியலில் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்க வாய்ப்புண்டு. வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள்.

11. ஸ்ப்ரே டின், பவுடர் கோட்டிங் பற்றிக் கேட்பவர்களுக்கு

ஸ்ப்ரே டின் கம்பி வேலைப்பாடு உள்ள ஷெல்ஃபுக்கு நல்லது. தட்டையான தகட்டுக்குச் செலவு அதிகம், மூன்று நான்கு டின் போய்விடும். முக்கியமாக, ஸ்ப்ரே பெயிண்டை ரெட் ஆக்சைடு மேலோ இனாமல் மேலோ அடித்தால் சுருண்டுகொள்ளும் அபாயம் உண்டு. ஸ்ப்ரே என்றால் பிரைமரும் அதே கம்பெனி ஸ்ப்ரே பிரைமராக இருக்கட்டும். ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், கையை நிறுத்தாமல், மெல்லிசாகப் பல கோட்.

பக்கத்தில் பவுடர் கோட்டிங் பட்டறை இருந்தால், ஷெல்ஃப் பெரிதாக இருந்தால், அங்கே கொடுப்பதைத் தயங்காமல் யோசியுங்கள். சதுர அடிக் கணக்கிலோ எடைக் கணக்கிலோ வாங்குவார்கள். 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகவைப்பதால் உறுதியில் இனாமல் அதோடு போட்டி போட முடியாது. கொடுக்கும் முன், துருவை எடுத்து பாஸ்பேட் தொட்டியில் முக்குகிறார்களா என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் துடைத்துவிட்டு அடிக்கும் இடங்களும் உண்டு. பிளாஸ்டிக் புஷ்களைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். நீங்கள் போட்ட பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது, அதனால் பட்டி வைத்த ஷெல்ஃபை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

12. மாட்டுவதும் பொருள் வைப்பதும்

மறுநாளே கைக்கு ஒட்டாது, காய்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் கனமான பொருளைத் தாங்கும் அளவுக்கு இறுகக் குறைந்தது ஒரு வாரம் வேண்டும். அதற்குள் எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கினால் அடிவட்டம் பதியும், எடுக்கும்போது பெயிண்டும் கூட வரும். வழக்கம்போல நியூஸ்பேப்பர் விரித்தால் அச்சு அப்படியே தட்டில் ஒட்டிக்கொள்ளும். முதல் மாதம் எதையும் விரிக்காமல் விடுங்கள்.

மாட்டும்போது ஸ்க்ரூ தலைக்கும் பெயிண்டுக்கும் நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். ஸ்க்ரூ திருகும்போது பெயிண்ட் கிழியும் இடம் அதுதான், துரு மறுபடி நுழையும் வாசலும் அதுதான். சுவருக்கும் ஷெல்ஃபுக்கும் இடையில் ஒரு வாஷர் கனத்துக்கு இடைவெளி விட்டால் பின்பக்கம் ஈரம் தங்காது. சுவரில் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பழைய பிளாஸ்டிக் பிளக் ஆடினால் பிடுங்கிவிட்டுப் பெரியதாகப் போடுங்கள்.

மீதமுள்ள இனாமலைப் பெரிய டின்னிலேயே வைத்தால் உள்ளே இருக்கும் காற்றில் மேலே ஆடை கட்டிவிடும். வாய் நிறையும் அளவுக்கு ஒரு சின்ன கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, நிற எண்ணை எழுதி ஒட்டி, வெயில் படாத, குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். எங்காவது கீறல் விழுந்து இரும்பு தெரிந்தால் 400 பேப்பரால் லேசாகத் தேய்த்து, ஒரு பொட்டு பிரைமர், மறுநாள் ஒரு பொட்டு இனாமல். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் செப்டம்பரில் ஒரு தடவை விளிம்புகளையும் ஸ்க்ரூ துளைகளையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.